பற்றரித் தட்டின் கீழ்

வினாகிரி மூன்று போத்தல்,
அப்பச்சோடா ஒரு பக்கற்,
தயிர் தின்று கழுவிவைத்த சட்டிகள் ஆறு.
ஆறுக்குள்ளும் போல்ட்டுகள் ஊறுகின்றன.
ஊறுகாயா என்று கேட்டாள் பக்கத்து வீட்டு சுகந்தினி.
ஓம் என்றேன்.

எழுபத்தேழாம் ஆண்டு டட்சன்.
கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில்,
காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு.
பொனெட்டைத் தூக்கினால்
ஹோர்ன் தாங்கி, ரேடியேற்றர் பிடி, பூட்டு, ஸ்பிரிங்
எல்லாம் ஒரே கறள்.

"புதுசு வாங்குங்க டீச்சர், ஒண்டு நாப்பது ரூபா"
என்றான் காத்தான்குடி நஃபீல்.
வாங்கலாம்தான்.
ஆனால் இவற்றின் தலையில்
சின்னதாய் ஒரு ஏழு அடித்திருக்கிறது.
விரலுக்குத் தெரிகிறது.
கண்ணுக்கு இன்னும் இல்லை.

பதினெட்டு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்,
நீரேறிய இரும்பு ஒட்சைட்டு என்று.
எழுதியபோது அது மணக்கவில்லை.
இப்போது கை, தலைமயிர், சோற்றுப் பீங்கான்
எங்கும் பழைய சில்லறை மணம்.

இரவு போட்டால் விடியச் சட்டியில் தேயிலைச் சாயம்.
பல் துலக்கும் பிரஷால் தேய்க்க
புரிகளுக்குள் இருந்து கறுப்புச் சேறு,
மறுகா சாம்பல்,
மறுகா
ஏழு.

பற்றரித் தட்டுக்கு நாலு போல்ட்.
மூன்று வந்தன.
நாலாவது இரண்டு நாள் எண்ணெய் குடித்தது,
சுத்தியலால் தட்டு வாங்கியது,
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் ஸ்பானர் கொஞ்சம் நகர்ந்தது.
இளகுது, இளகுது என்று நினைத்தேன்.
முறிந்துகொண்டிருந்தது.
தலை மட்டும் கையோடு வந்தது.
ஒரு சொல் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்காக ஒரு பையனை
வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

தட்டைத் தூக்கினால்
மடிப்புக்குள்
மண்.
ஒரு தேக்கரண்டி இருக்கும். வெள்ளை மண்.
அதற்குள் நகத்தளவு சிப்பி,
ஒரு கீறலும் இல்லாமல்.

"தண்ணி காணாத கார் தங்கச்சி,
செங்கலடியிலதான் நிண்டது"
என்று சொல்லித்தான் விற்றார் பாக்கியராசா.
மார்கழிக் கடல் எதுவரை வந்தது என்று
இங்கே எல்லாருக்கும் தெரியும்.
செங்கலடிக்கு வரவில்லை.

கோபத்தோடுதான் கோல் எடுத்தேன்.
தட்டுக்குக் கீழே மண் கிடக்கு என்றேன்.
அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம்.
"எவ்வளவு?"
ஒரு தேக்கரண்டி.
"நாலு தரம் கழுவின நான்" என்றார்.
"சீற்றெல்லாம் கழற்றிக் கழுவின நான்."
கொஞ்சம் பொறுத்து,
விலையில் ஐயாயிரம் திருப்பித் தரட்டா என்று கேட்டார்.
நான் பதில் தேடிக்கொண்டிருக்க
வைத்துவிட்டார்.

அன்று ஒன்றையும் தேய்க்கவில்லை.

நஃபீல் வந்து முறிந்ததைத் துளைத்தெடுத்தான்.
புதுப் புரி வெட்டினான்.
சட்டியில் இருந்த மண்ணைக் கண்டான்.
துணியை எடுத்து
ஏற்கெனவே துடைத்த ஸ்பானரைத் துடைத்தான்.
காசு பிறகு தாங்க டீச்சர் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன்.
அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி,
வெயிலில் காயவைத்து,
ஒவ்வொன்றுக்கும் விரல் நுனியால் கிரீஸ்.
தட்டுக்கு மூன்று ஏழுகள்,
நாப்பது ரூபாய்ப் புதுசு ஒன்று.
அது மட்டும் அசட்டுத்தனமாய் மின்னுகிறது.
பழகிவிடும், காற்று விடாது.

ஐந்து சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று.
ஆறாவதை இன்னும் தொடவில்லை.

எல்லாம் பூட்டி முடிய ஒரு வாஷர் மிஞ்சியது.
எங்கே இருந்தது என்று புத்தகத்திலும் இல்லை.
பாலத்தால் போய் வந்தேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை.
இப்போது பேர்சுக்குள் சில்லறையோடு கிடக்கிறது.
நேற்று மீன்காரர் அதை
ஐந்து ரூபாய் என்று வாங்கி,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
திருப்பித் தந்தார்.